அண்ணன் நேர்ந்துவிட்ட கிடா

அண்ணன் குடும்பத்தோடு சிட்னிக்குப் போனபோது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட ஒரு கிடாவை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அந்தக் கிடாவால் என் ஆட்டுப்பட்டி என்ன ஆனது என்று எழுதப்போகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. கிடாவை நினைத்து வெட்கமில்லை. அது பாவம், தின்றது, தன் வேலையைச் செய்தது.

நாங்கள் ஃபிஜியில், லம்பாசா டவுனுக்குப் பக்கத்துப் புலிலேகாவில் கரும்பு போட்டவர்கள். முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோது படித்தவர்கள் போனார்கள். டாக்டர் போனார், வாத்தியார் போனார். எங்களுக்கு எங்கே போவது என்றே தெரியாது, அதனால் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த கவிழ்ப்பு வந்தபோது தலைநகர் சூவாவில் பார்லிமெண்டுக்குள் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பதாக ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பட்டப்பகலில் ஃபிஜியப் பையன்கள் கும்பலாக லாரியில் வந்து அண்ணனுடைய உழவு மாடுகளை அவிழ்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். போகிறபோது ஒருவன் அண்ணனைப் பார்த்து, "நீ உன் இந்தியாவுக்குப் போ" என்றான். அண்ணன் லம்பாசா டவுனைத் தாண்டிப் போனதே அபூர்வம். இந்தியாவை அவன் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

அந்த வாரமே அவன் எங்கள் கோயிலுக்குப் போனான். கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கரும்புக் காட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அம்மன், வெளியே மரத்தடியில் முனீஸ்வரன். தன் பட்டியிலேயே நல்லதாக ஒரு கிடாக்குட்டியைப் பிடித்துவந்து, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னான்.

"முனீஸ்வரா, விசா கெடைச்சு என் புள்ளைங்கள பத்திரமா கொண்டு சேத்துட்டா இந்தக் கெடா ஒனக்கு."

அவன் அழுதுகொண்டே சொன்னான். நானும் அழுதேன். விசா கிடைத்தது. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது, டிக்கெட்டோ அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. கிளம்புகிற காலையில் கிடாவின் கயிற்றை என் கையில் கொடுத்தான்.

"அடுத்த வருசம் தீமிதிக்கு வந்து நானே வெட்டறேன். அது வரைக்கும் நீ பாத்துக்க தங்கச்சி."

"வராம இருந்துடாத. சாமி காரியம்."

"ஏ, என்ன பேசற நீ? அண்ணன் வருவேன்."

பெரிய தீவுக்குப் போய், வோட்டுவாலேவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுப் பக்கத்து நாந்தியில் விமானம் ஏறினார்கள். அந்த வருடத்திலிருந்து நான் சாமிக் கிடாவின் காவல்காரி ஆனேன்.

நேர்ந்துவிட்ட கிடாவுக்கு எங்களிடம் கட்டுப்பாடு உண்டு. அதை விற்கக் கூடாது. காயடிக்கக் கூடாது. ஊனம் எதுவும் வரக் கூடாது. இஷ்டப்பட்ட இடத்தில் மேயும், யாரும் அடிக்கக் கூடாது. முக்கியமாக, வேண்டிக்கொண்டவன் வந்து கயிற்றைப் பிடித்து நிற்காமல் அதை வெட்டக் கூடாது. வழக்கமாக இந்தக் காவல் சில மாதம்தான். யாரும் ஒரு கிடாவை வருடக்கணக்கில் காத்ததில்லை. நான் காத்தேன்.

முதலில் எனக்குப் பெருமைதான். செம்பழுப்பு உடம்பு, காதோரம் வெள்ளைத் திட்டு, கட்டை மாதிரிக் கால்கள். அது போட்ட முதல் குட்டிகளைப் பார்த்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்போது எங்கள் குத்தகையும் முடிந்திருந்தது. நிலத்துக்கு உரிய ஃபிஜியக் குலத்தார் கரும்புக் காட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வீட்டு மனையும் பின்னால் இருந்த குன்றும் மட்டும் மிச்சம். ஒவ்வொரு மாதமும் யாராவது ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர். வழியனுப்பப் போகிற இடமெல்லாம் நான் வாயைத் திறப்பேன்.

"போறவன் போவட்டும். எனக்கு என் ஆடு போதும். எவன் தயவும் வேணாம்."

அப்படிப் பேசினேன். என் வீட்டுக்காரர் பின்னால் இழுத்து, "வாய மூடு, அவங்க வீட்ல நின்னுகினு இத்த பேசாத" என்பார். மூட மாட்டேன்.

முன்பெல்லாம் புலிலேகாவில் கிடா மாற்றுகிற வழக்கம் இருந்தது. திருவிழா முடிந்ததும் இந்த வீட்டுப் பொலிகிடா ஆற்றங்கரை வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுக் கிடா மேட்டு வீட்டுக்குப் போகும், மேட்டு வீட்டுக் கிடா எங்களிடம் வரும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பாய் இரவல் கொடுப்பது மாதிரி அதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல் என்று நினைத்திருந்தோம். ஆற்றங்கரை வீடு பிரிஸ்பேன் போனது. மேட்டு வீடு கனடா போனது. மாற்றுவதற்கு ஆள் இல்லை. இருந்த மற்றக் கிடாக்களை முட்டித் தள்ளிவிட்டு சாமிக் கிடா ஒன்றே நின்றது. ஒரு பட்டிக்கு ஒரு கிடா போதாதா என்று மற்றதை நான் விற்றேன். சாமியே கொடுத்த பொலிகிடா என்றுகூடச் சொன்னேன்.

அதன் பெட்டைக்குட்டிகள் வளர்ந்து சினையாகின. அவற்றின் குட்டிகளும் வளர்ந்து சினையாகின. அண்ணன் வரவில்லை. "அடுத்த வருசம்" என்று போனில் சொன்னான். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னான்.

மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு குட்டி நிற்காமல் விழுந்து விழுந்து செத்தது. ஈர நிலம், குளிர் என்று நினைத்தேன். ஒன்றுக்குக் கீழ்த்தாடை குட்டையாக, மேல் உதடு கிளி மூக்கு மாதிரி தொங்கியது. புல்லைக் கடிக்க முடியாமல் எச்சில் ஒழுக நின்றது. ஒன்றுக்குப் பிறவியிலேயே ஒரு கண் வெள்ளை. கிடாக்குட்டிகள் சிலவற்றுக்கு விதை கீழே இறங்கவே இல்லை. சினை நிற்காத ஆடுகள் கூடின. மழைக்காலத்தில் வயிற்றில் பூச்சி விழுந்தால் முன்பு ஒன்றிரண்டு சாகும், இப்போது வரிசையாகச் செத்தன. நான் உப்புக் கொடுத்தேன். வேப்பிலை அரைத்து ஊற்றினேன். கொட்டிலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். கடைசியில் தெருக்கோடி வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று சொல்லி அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளும் நியூசிலாந்து போய்விட்டாள். பேசாமலே போய்விட்டாள்.

தாடை கோணின குட்டிகளை யாராவது வந்தால் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுவேன். இதைத்தான் நினைத்தால் கூசுகிறது. பெண் பார்க்க வருகிற வீட்டில் குறையுள்ள பிள்ளையை உள்ளே அடைத்து வைப்பார்களே, அந்த மாதிரி.

பக்ரீத்துக்கு எங்களிடம் ஆடு வாங்குகிற பாய் ஒருவர் இருந்தார். லம்பாசா பக்கம்தான், அவர் வாப்பா காலத்தில் ஆடு வைத்திருந்தவர்கள். குர்பானிக்கு எங்கள் பட்டியிலிருந்துதான் எடுப்பார், அவர் சொல்லி மற்றவர்களும் வருவார்கள். வருடம் முழுக்க எங்கள் அடுப்பு எரிந்தது அந்த ஒரு வாரத்து விற்பனையில்தான். அந்த வருடம் தன் மைத்துனனோடு லாரியில் வந்தார். எங்களுக்குள் பேச்சு ஃபிஜி இந்திதான், தமிழில் எழுதுகிறேன்.

ஓர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார். விட்டார். அடுத்ததன் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். அது இமைக்கவில்லை. அடுத்ததை நடக்க விட்டார். பின்காலை வளைத்து வளைத்துப் போட்டது. பட்டி முழுக்கப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல், பஹினி என்று தங்கை முறை வைத்துப் பேசினார்.

"பஹினி, தப்பா நினைக்காதே. குர்பானிக்குக் குறையில்லாத ஆடு வேணும். இதில் எதையும் நான் எடுக்க முடியாது."

"எல்லாமா?"

"இந்தக் குட்டிக்கு அப்பன் எது?"

மரத்தடியில் நின்ற சாமிக் கிடாவைக் காட்டினேன்.

"இதோட தாய்க்கு அப்பன்?"

மறுபடியும் அதையே காட்டினேன்.

"அந்தத் தாயோட தாய்க்கு?"

என் கை தூக்கினபடியே இருந்தது. கீழே போடக்கூடத் தோன்றவில்லை. கிடா எங்களைப் பார்த்துக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது. வெளியிலிருந்து ரத்தம் வராத பட்டி இப்படித்தான் ஆகும் என்றார் பாய். ரத்தத்தில் ஒளிந்திருக்கிற குறை, இரண்டு பக்கமும் அதே ரத்தம் என்றால் வெளியே வந்துவிடுமாம். அவருடைய வாப்பா மூன்று வருடத்துக்கு மேல் ஒரு கிடாவை வைத்துக்கொண்டதில்லையாம்.

மைத்துனன் லாரிக் கதவில் சாய்ந்து நின்றவன் சிரித்தான்.

"மதராஸிங்க வீட்டு ஆடு இல்லையா பாய். சொந்தத்துக்குள்ளயேதான் கட்டிக்கும்."

"சும்மா இரு, மிருகமே" என்று பாய் அவனை அதட்டினார். பிறகு என்னிடம் மாப்புக் கேட்டார். வெறும் லாரியோடு போனார்கள்.

நான் என் தாய்மாமன் மகனைக் கட்டிக்கொண்டவள். லம்பாசா சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பம் எத்தனை இருந்தது, எங்கே போய்ப் பெண் எடுப்பது, மாப்பிள்ளை பார்ப்பது? எங்கள் வழக்கமும் அதுதான். வடக்கத்தி ஆட்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், நானும் பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறேன். அத்தை மாமன் பிள்ளைகள் வேறு, அப்பனும் மகளும் வேறு என்று அந்தப் பயலிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு முதலில் பிறந்த பிள்ளை தங்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது, பிறகு பிறந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் அவன் சிரித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைதான் ஞாபகம் வந்தது. அதற்காக அவனை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணா, அந்தக் கெடாவ என்ன பண்றது?"

"எந்தக் கெடா?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாடவில்லை.

"முனீஸ்வரனுக்கு நீ நேந்துவுட்ட கெடா."

பின்னாலிருந்து அண்ணி கேட்பது காதில் விழுந்தது. "யாருங்க?"

"தங்கச்சி. என்னமோ கெடான்றா."

"ஐயோ, அது இன்னும் உசுரோடயா இருக்குது?" அண்ணி சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கையாகத்தான் சிரித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஏம்மா, அத்த அப்பவே வெட்டித் தின்னுருக்கலாமில்ல? எதுக்கு வச்சிகினு இருந்த?" என்றான் அண்ணன்.

"நீ வரேன்னு சொன்ன."

"அப்போ பயந்து போயிருந்தேன். பயத்துல மனுசன் என்னென்னமோ சொல்லுவான். நீயும் அத்தப் புடிச்சிகினு..."

நான் போனை வைத்துவிட்டேன். என் அண்ணன் வருவான், வாக்குத் தவற மாட்டான் என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொன்னவள் நான். அவனுக்கு ஞாபகமே இல்லாத ஒன்றுக்காக என் பட்டியைப் பலிகொடுத்திருக்கிறேன். கோபம் அவன்மேல் வந்தது. வெட்கம் என்மேல் வந்தது. கோபத்தைக் கத்தித் தீர்க்கலாம். மற்றதை என்ன செய்வது?

கிடாவை வெட்டினால்தான் மிச்ச ஆடுகளாவது பிழைக்கும். ஆடு பிழைக்காவிட்டால் நாங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான், நான் வாய்க்கு வந்தபடி பேசினவர்கள் எல்லோரும் இருக்கிற ஊருக்கு. வீட்டுக்காரர் பயந்தார்.

"வேண்டினவன் இல்லாம வெட்டினா சாமி குத்தம் வந்துரும்."

"இதுக்கு மேல என்னா குத்தம் வரணும்? போய்ப் பட்டிய பாரு."

திருவிழா அன்று நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். பெண்பிள்ளை கிடாக் கயிறு பிடிப்பதா என்று முணுமுணுக்க முன்பு நிறையப் பேர் இருந்தார்கள். இப்போது கோயிலில் இருந்ததே நாலைந்து குடும்பம். பூசாரி கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் வெட்ட மாட்டார்கள். கிடாவுக்கு வயதாகிவிட்டது. தண்ணீர் தாடியிலிருந்து சொட்டச் சொட்ட அப்படியே நின்றது. மறுபடி ஊற்றினார். நிற்கிறது.

"யார் பேர்ல வேண்டுதல்? பேரச் சொல்லி கேளும்மா" என்றார் பூசாரி.

அண்ணன் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை.

"இங்க இருக்கறவங்க பேர்ல."

"அப்படில்லாம் கெடையாதே."

"இருக்கறது நாங்கதான். எங்க பேர்லதான் ஊத்துவ. ஊத்து."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிச்சத் தண்ணீரை முழுக்கக் கவிழ்த்தார். கிடா காதை ஆட்டியது, பிறகு கழுத்திலிருந்து வால்வரை உடம்பை உதறியது. குளிரால் இருக்கலாம். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

வேண்டுதல் கறியை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. சாப்பிட ஆள் போதவில்லை. ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டோம். அப்படித்தான் அவரும் தன் பெண்டாட்டியோடு வந்து உட்கார்ந்தார். எங்கள் கரும்புக் காட்டைத் திருப்பி எடுத்துக்கொண்ட குலத்தின் பெரியவர். லம்பாசாப் பக்கத்து ஃபிஜியர்கள் பலரையும் போல நம்மைவிட நன்றாக இந்தி பேசுவார். குத்தகை முடிந்த நாளில் நான் வரப்பில் நின்று அவரைப் பார்த்துக் கத்தினதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. கறி முரடாக இருந்தது. அவர் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். நான் பரிமாறினேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுற்றுவட்டத்தில் வேறு ரத்தம் உள்ள ஆடு அவரிடம்தான் இருந்தது. பெண்டாட்டியின் ஊர் சவுசவுப் பக்கம், அங்கிருந்து கொண்டுவந்த ஆடுகள். மற்ற வீடுகளில் இருந்ததெல்லாம் நான் பெருமையாகக் கொடுத்த குட்டிகள், அதாவது அதே கிடாதான்.

அவர்களிடம் ஏதாவது கேட்கப் போனால் இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு கொண்டுபோய் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். திட்டினது நான்தானே. அவருடைய பாயில் உட்கார்ந்து வேர்க்கட்டை வைத்தேன். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், கிடா, தாடை, பாய் வெறும் லாரியோடு போனது. பொலிகிடா ஒன்று இரவல் வேண்டும் என்றேன்.

அவர் கையைத் தட்டி வேர்க்கட்டை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் சரி என்று அர்த்தம்.

"முன்னாலயே கேட்டிருக்கலாமே, பாபி" என்று அண்ணி முறை வைத்துச் சொன்னார்.

"எப்படிக் கேக்கறது? அன்னைக்கு அப்படித் திட்டினேனே."

"திட்டினது தெரியும். என்ன திட்டினேன்னு தெரியாது. உங்க பாஷையில திட்டினே. என்னதான் சொன்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் பெண்டாட்டி கூடக் கிண்ணத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"உன் வம்சம் விளங்காதுன்னு சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. வெளியே எங்கள் பழைய காட்டில் அவர் பேரப்பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், ஏழெட்டுப் பேர், ஒரே கூச்சல். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கறுப்புக் கிடா ஒன்றை இழுத்து வந்தார். மெலிந்த கிடா, அழகில்லை. காது கிழிந்திருந்தது. நான் வெட்கத்தை விட்டு அதன் வாயைத் திறந்து பார்த்தேன். பல் நேராக இருந்தது.

"மழை தொடங்கறதுக்குள்ள திருப்பிக் கொண்டுவா. ஒரு குட்டி எனக்குக் கொடு" என்றார்.

"தாடை நேரா இருந்தா கொடுக்கறேன்."

"கோணையா இருந்தாலும் கொடு. பிள்ளைங்க வச்சு விளையாடும்."

கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தேன். நன்றிக்கு வினாகா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதைக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கிடா வேறு ஊர்க் கிடா, என் பேச்சுக்கு மசியவில்லை. மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே கண்ட பக்கம் இழுத்தது, நான் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து பின்னாலிருந்து அதைத் தள்ளினார்கள். அப்படியே வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.